ஓடக் கூடாத நாற்காலி

லாபம் பார்க்கிற கம்பெனியெல்லாம் அதில் ஒரு பங்கைத் தருமத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. சட்டம் போட்டால் தருமம் வராமல் எங்கே போகும்? சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காவின் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியாக வந்து இறங்கியது.

நாற்காலி அவள் தம்பிக்கு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. இப்போது இருபத்தாறு வயது. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். காலையில் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வந்து தூக்கிப் படுக்க வைப்பாள். அவள் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கும். வீட்டு வாடகை, அரசாங்கம் தம்பிக்கு மாதாமாதம் கொடுத்த உதவித்தொகையில் ஓடியது.

நாற்காலி கொடுத்த விழாவுக்குப் பெரிய மேடை, மாலை, மைக். உதவித்தொகை ஆபீஸ் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். கம்பெனி முதலாளியின் மனைவி, எல்லோரும் அறக்கட்டளை அம்மா என்று கூப்பிடுகிறவர், தம்பியின் தோளில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு தம்பி வீடு தங்கவில்லை. கைப்பிடியில் உள்ள குமிழை ஒரு விரலால் தள்ளினால் போதும், நாற்காலி ஓடும். பஸ் நிறுத்தம்வரை போய்வந்து ஊர்க்கதையெல்லாம் அளப்பான். சலவைக்கடை வாசலில் நிறுத்தி, "என்னம்மா, என் கோட்டு தேச்சாச்சா?" என்று பெரிய மனுஷன் குரலில் அதட்டுவான். அவனிடம் கோட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. தெருக்கோடி செல்போன் ரிப்பேர் கடைக்காரர் அவன் விரல்களின் நறுவிசைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் சம்பளமில்லாமல் தொழில் கற்றுக்கொள், பிறகு சம்பளம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொல்ல ஓடிவந்த அன்று சந்தோஷத்தில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

அடுத்த மாதம் உதவித்தொகை வரவில்லை. அக்கா அரைநாள் லீவு போட்டு ஆபீசுக்கு ஓடினாள். கைதட்டிய அதே அதிகாரிதான் இருந்தார். மோட்டார் வாகனம் வைத்திருக்கிற குடும்பம் ஏழைக் குடும்பம் ஆகாது, அதுதான் விதி, நாற்காலியில் மோட்டார் இருக்கிறதே என்றார். அது தானமாக வந்தது, நீங்களே பார்த்தீர்களே என்று அவள் மன்றாடினாள். எப்படி வந்தது என்று விதி கேட்பதில்லை என்றார் அவர். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரு வழி சொல்றேம்மா. மோட்டாரைக் கழட்டிடுங்க. கழட்டிட்டா அது வெறும் நாற்காலி. கழட்டினதை இங்க கொண்டாந்து ஒப்படைச்சிட்டா, அடுத்த மாசமே பணம் வந்துடும்."

நல்ல மனுஷர்தான். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். திட்டித் தீர்க்கக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

இந்த மோட்டார் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கையால் உருட்டுகிற சாதாரண நாற்காலி ஒன்று தர முடியுமா என்று அறக்கட்டளைக்குப் போன் போட்டாள். ஒருவருக்கு ஒரு பொருள்தான், கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கமில்லை என்று ஒரு பெண் இனிக்க இனிக்கச் சொன்னாள். இதற்குள் வீட்டுக்காரர் வந்து, வாடகை வராவிட்டால் சட்டி பானையைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். தம்பி செல்போன் கடையில் சம்பளம் வாங்க இன்னும் ஆறு மாதம் ஆகுமே. தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அவள் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். போனில் அவள் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"கழட்டிடுக்கா," என்றான் அவனே, சிரித்தபடி. "தெருவுல குடியிருக்கிறவனுக்கு வண்டி எதுக்கு?"

சைக்கிள் கடைக்காரர் வந்து கழற்றினார். அக்கா அதைச் சாக்கில் சுற்றி ஆபீசில் ஒப்படைத்தாள். சொன்ன சொல் தவறாமல் பணம் வந்தது. நாற்காலிதான் நின்றுபோனது. சக்கரங்களோ சின்னவை, கைக்கு எட்டாது. பின்னால் நின்று தள்ளலாம் என்றால், பேட்டரியின் கனத்தில் கல்லைத் தள்ளுவதுபோல் இருந்தது. சில நாள் அவனை முதுகில் சுமந்து செல்போன் கடையில் கொண்டுபோய் விட்டாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைக்காரரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார், வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். தம்பி பழையபடி ஜன்னலோரம் வந்து சேர்ந்தான். பேச்சும் குறைந்துபோனது. வாசலில் நின்ற நாற்காலியில் அக்கா துணி அடுக்கி வைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து, கொடுத்த பொருளெல்லாம் நன்றாகப் பயன்படுகிறது என்று அரசாங்கத்துக்குப் படம் காட்ட வேண்டும் என்று அறக்கட்டளை அம்மா போட்டோகிராபரோடு காரில் வந்து இறங்கினார். துணிக்குவியலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"குடுத்த பொருளை வச்சுக் காப்பாத்தத் தெரியலையே உங்களுக்கு."

அக்கா நடந்ததைச் சொன்னாள். அதெல்லாம் அரசாங்க விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்று அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோகிராபர் ஒரு யோசனை சொன்னான். தம்பியை உட்கார வைத்து நாற்காலியைத் தெருவில் இறக்கினார்கள். தம்பி குமிழில் விரல் வைத்துச் சிரிக்க வேண்டும், அக்கா பின்னால் குனிந்து, படத்தில் விழாமல் தள்ள வேண்டும். அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். நாற்காலி நகர்ந்தது, தம்பியும் சிரித்தான். படம் அருமையாக வந்திருக்கிறது, போதும் என்றார்கள்.

"அக்கா," என்றான் தம்பி, திரும்பாமல். "அந்தச் செல்போன் கடை வரைக்கும் தள்ளேன். சும்மா பாத்துட்டு வரலாம்."

அவள் நிமிராமல் மறுபடி தள்ளினாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. நடுத்தெருப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொண்டது. எவ்வளவு முக்கியும் அசையவில்லை. அவமானமும் ஆத்திரமுமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அம்மாவுக்கு நேரமாச்சு. வண்டியைக் கொஞ்சம் ஓரமா எடுங்க."