அந்த வரியைச் சொன்னது யார்?

குழந்தை இறந்து ஏழு வாரம் ஆன திங்கட்கிழமை, சபை மூப்பர் வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். குழந்தையின் தாய் வாஷிங் மெஷின் மெக்கானிக். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, விரல் இடுக்கில் இருந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதேம்மா," என்றார் மூப்பர். கெட்ட மனிதர் அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய் திறக்காமல் நின்றவர். "குத்தம் இல்லாம அழிஞ்சவன் எவனாவது உண்டான்னு வேதம் கேக்குது. யோபு, நாலாம் அதிகாரம். நீ எதையோ மறைச்சு வச்சிருக்கே. ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு முன்னாடி எழுந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி அறிக்கை பண்ணிடு. பாரம் இறங்கிடும்."

"பண்ணலேன்னா?"

"திருவிருந்து அப்பத்துல கை வைக்க முடியாது. சபை ஒழுங்கு அது."

அவர் போனதும் மாமியார் சமையலறையிலிருந்து வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதுல்ல?"

"என்ன வார்த்தை அத்தை?"

"ஏதோ ஒண்ணு. பொறாமை, கோபம். யாருக்குத்தான் இல்ல?"

கணவன் பக்கத்தில்தான் நின்றான். தரையில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எழுந்து நின்று ஒரு பொறாமையைச் சொன்னால்கூடப் போதும், அன்றிலிருந்து அவள் சாகும்வரை, குழந்தை செத்தது அவளால்தான் என்றே ஆகிவிடும்.

அந்தச் சபையில் எல்லாருக்கும் வசனம் தெரியும், புத்தகம் தெரியாது. ஆண்டின் முதல் நாளில் வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அட்டையில் ஒரே ஒரு வசனம் இருக்கும். அது ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கும். அதற்கு முந்தைய வரி என்ன, பிந்தைய வரி என்ன என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், சர்வீஸ் சென்டர் மேசையில் ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு, பைபிளில் யோபின் புத்தகத்தைத் திறந்தாள்.

அவள் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. அதில் இரண்டு கட்டங்கள். மேல் கட்டத்தில் வாடிக்கையாளர் சொன்னது: 'மோட்டார் போயிடுச்சு.' கீழ்க் கட்டத்தில் மெக்கானிக் கண்டது: 'தண்ணீர் வெளியேற்றும் பம்பில் காலுறை சிக்கியிருக்கிறது.' மேல் கட்டத்தில் இருப்பது பொய் அல்ல. அந்த மனிதர் உண்மையாகவே அப்படித்தான் நம்பி வந்தார். அதனால் அதை வார்த்தை மாறாமல் எழுதி வைப்பார்கள். ஆனால் மேல் கட்டத்தைக் கீழ்க் கட்டம் என்று நினைத்துப் படிக்கிறவன் நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிடுவான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளே ஒன்றைக் கழற்றி எறிந்திருக்கிறாள்.

எனவே நாலாம் அதிகாரத்தில் அந்த வரியைக் கண்டதும், பழக்கதோஷத்தில், இதைச் சொன்னது யார் என்று பார்த்தாள். கடவுள் அல்ல. யோபும் அல்ல. துக்கம் விசாரிக்க வந்த நண்பன், எலிப்பாஸ்.

பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் அதிகாரத்துக்குப் போனாள். அந்தப் புத்தகம் கட்டப்பட்டிருக்கும் விதம் அவளுக்கு ஒவ்வொரு திருகாணியாகத் தெரிய வந்தது. முதல் வரியிலேயே இவன் உத்தமன் என்று படிக்கிறவனிடம் சொல்லிவிடுகிறார்கள். அவனுடைய பத்துப் பிள்ளைகளும் சாகிறார்கள். நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு வாயைத் திறக்கிறார்கள். உத்தமன் என்ற விஷயம் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, அவர்கள் பேசப் பேச நமக்குப் பற்றிக்கொண்டு வரவேண்டும். புத்தகம் ஓடுவதே அந்தச் சூட்டில்தான். ஓரத்தில் நண்பர்களுக்கு 'ந', யோபுக்கு 'யோ' என்று குறித்துக்கொண்டே போனாள். பல பக்கங்கள் விளங்கவில்லை. விளங்காத பக்கத்திலும் யார் பேசுகிறார் என்பது விளங்கியது.

வெள்ளிக்கிழமை கடைசி அதிகாரம். கடவுள் அதே எலிப்பாஸைக் கூப்பிட்டு, நீயும் உன் கூட்டாளிகளும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார்.

அவள் எதிரே திறந்து கிடந்த மெஷினின் டிரம்முக்குள் தலையை விட்டு அழுதாள். பக்கத்து மேசை ஃபிரிட்ஜ்காரர் வெளியிலிருந்து தட்டினார்.

"உள்ள என்னம்மா ரிப்பேர்?"

"உள்ள நல்லாத்தான் இருக்குண்ணே. ரிப்பேரெல்லாம் வெளியில."

அன்று மாலை கணவனிடம் பக்கத்தைக் காட்டினாள்.

"எங்கிட்ட எதுக்குக் காட்டுற? நான் உன்னைக் குத்தம் சொன்னேனா?"

"சொல்லல. சும்மா இருந்தீங்க. யோபோட பொண்டாட்டியாவது ஏதோ ஒண்ணு பேசினா."

அவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பைபிளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சபை கூடும் மாடிக் கூடத்தில் அப்பமும் திராட்சை ரசமும் வெள்ளைத் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தன. மூப்பர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தாள்.

"அறிக்கை பண்ண ஒண்ணும் இல்ல மூப்பரே. ஒரு கேள்வி இருக்கு. நீங்க எனக்குச் சொன்ன அந்த வரியைச் சொன்னது யாரு?"

"வேதம் சொல்லுது."

"வேதத்துக்குள்ள யாரு?"

கூடத்தில் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"முதல் மனுஷியை ஏமாத்தின பாம்பு பேசினதும் வேதத்துலதான் இருக்கு," என்றாள். "அதையும் அட்டையில போட்டுச் சுவத்துல மாட்டலாமா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

மூப்பருக்கு முகம் சிவந்தது. "சரி, நீ எந்த வசனத்தை வச்சிருக்கே? காட்டு."

கடைசி அதிகாரம் அவள் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதுவும் அட்டைக்கு எதிர் அட்டை என்றுதான் ஆகும்.

"வசனம் வேண்டாம். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிப்போம். ஒருத்தர் பேசுறதை ஒருத்தர் வாசிக்கட்டும்."

"நாப்பத்திரண்டு அதிகாரமா? திருவிருந்து என்னாவது?"

"அது ஆறிப் போற சாப்பாடு இல்லையே. காத்திருக்கும்."

"இது முறையில்லம்மா. உன் வீட்டுப் பெரியவங்களைக் கேளு."

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யோபு பேசுறதை நான் வாசிக்கிறேன்," என்றாள். "இவனுக்கு முன்னாடி பிறந்த ஒண்ணைப் புதைச்சவ நான். அன்னைக்கும் ஒருத்தர் இதையேதான் கேட்டார். வாய்க்கு வந்த ஒரு பாவத்தைச் சொல்லி வச்சேன். இன்னைக்கு வரைக்கும் அது என் தலையிலதான் இருக்கு."

மகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அது தெரியாது. அவன் எழுந்து முதல் இரண்டு அதிகாரத்தையும் வாசித்தான், கொஞ்சம் தடுமாறி. அடுத்ததை மாமியார் வாசித்தாள். பிறந்த நாளையே சபிக்கும் அந்தப் பேச்சை அவள் உரக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் சொன்னாள். வேதத்துக்குள் இப்படிப் பேச இடமுண்டு என்பது கூடத்தில் பலருக்குப் புதிது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் பக்கத்தை விடாமல் பிடித்திருந்தார்கள்.

நாலாம் அதிகாரம் வந்தது. எலிப்பாஸை வாசிக்க யாரும் எழவில்லை.

"உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே மூப்பரே," என்றாள் மெக்கானிக்.

அவர் பைபிளைக் கையில் எடுத்தார். பிறகு எழுந்தார். மேடைக்குரல் பழகியவர், முதல் வரிகள் கணீரென்று வந்தன. அடுத்து அந்த வரி. அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, தலையை நிமிர்த்தினார். எதிரே, இப்போதுதான் யோபாகப் பேசி முடித்த கிழவி கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை மூடப் போனார்.

"வாசிங்க மூப்பரே," என்றாள் மெக்கானிக். "நாங்க யாரும் போகப் போறதில்ல. இதுக்கப்புறம் இன்னும் முப்பத்தெட்டு அதிகாரம் இருக்கு."