பச்சை வந்த பிறகு

சுவரில் தொங்கிய திரை பச்சையானதும் ஆபீஸே கைதட்டியது. அவள் மட்டும் கைதட்டவில்லை.

பச்சை வரக்கூடாதே! முதல் தடவையிலேயே வரவே கூடாது. லிஃப்ட்டுகளை ஓட்டும் மென்பொருள் இத்தனை காலமும் அவளுடைய மேசைக் கம்ப்யூட்டரில்தான் உருவாகி வெளியே போயிற்று. எழுதியதை எல்லாரும் பொதுக் கிடங்கில் போட வேண்டும். அவள் அதை எடுத்து ஒன்றாகக் கோத்து அனுப்புவாள். ஒருவர் ஒரு வரியைக் கிடங்கில் போட மறந்தாலும் கிழிகிழியென்று கிழித்துவிடுவாள். கறார் என்று பட்டப்பெயர் சும்மாவா வந்தது?

இப்போது அந்த வேலையைச் செய்ய ஒரு தனி மெஷின் வந்துவிட்டது. அமைத்தவரை ஆபீஸில் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தலையிலும் ஒன்றும் கிடையாது, மனசிலும் ஒன்றும் கிடையாது, தங்கமான மனுஷர். அவருடைய மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் தொடங்கும். கிடங்கில் இருப்பதை மட்டும் எடுக்கும். யார் மேசையிலிருந்தும் ஒரு துரும்பைக்கூடத் தொடாது. கோத்துக் கட்டி, சோதித்து, எல்லாம் தேறிப் பச்சை வந்தால் சோதனைக்கென்று ஒதுக்கியிருக்கும் குடியிருப்பின் லிஃப்ட்டுக்குத் தானே அனுப்பிவிடும். அந்தக் குடியிருப்பில்தான் அவளும் அவள் அக்காவும் குடியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா மேடம்? விழும் விழும்னீங்க. உங்க கம்ப்யூட்டர் இல்லாமலே எந்திரிச்சு நின்னுடுச்சு!" என்றார் மொட்டை.

"அதான் பயமா இருக்கு" என்றாள். அவர் ஏதோ பொறாமை என்று நினைத்துச் சிரித்தார்.

அவள் கம்ப்யூட்டரில் அவள் மட்டும் வைத்திருந்த சில்லறைச் சாமான்கள் எத்தனையோ உண்டு. அதில் ஒன்று இல்லாவிட்டாலும் மெஷின் தடுக்கி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால், அவற்றில் ஏதோ ஒன்றின் பழைய வடிவம் கிடங்கில் கிடந்து, மெஷின் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. எது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். லிஃப்ட் கதவுக்கான பகுதிக்கு வந்ததும் நிறுத்தினாள். கிடங்கில் கிடந்தது பழசு.

அக்காவுக்குக் கண் தெரியாது. கைத்தடியின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் எங்கேயும் போவாள். ஒரு நாள் அவள் உள்ளே போய்விட்டாள், தடியின் நுனி வெளியே நின்றுவிட்டது. கதவு அதன்மேலேயே மூடிக்கொண்டது. ஒல்லித் தடி என்பதால் கதவு முழுசாக மூடிவிட்டதாக நம்பி லிஃப்ட் மேலே கிளம்பிற்று. நல்லவேளை, தடி முறிந்தது, அக்கா பிழைத்தாள்! மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. அன்றே தங்கைக்காரி ஆபீஸுக்கு ஓடிவந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்: கதவில் இழையளவு இடைவெளி இருந்தாலும் லிஃப்ட் நகரக்கூடாது. எழுதித் தன் கம்ப்யூட்டரிலிருந்தே லிஃப்ட்டுக்கு அனுப்பியும்விட்டாள். கிடங்கில் போட மட்டும் மறந்துபோனாள். ஊரையே கிழித்த கறார் மறந்துவிட்டாள்! அதற்கென்று ஒரு சோதனையும் எழுதி வைக்கவில்லை. பிறகு பச்சை வராமல் என்ன செய்யும்?

"புதுசு லிஃப்ட்டுக்குப் போயிடுச்சா?" என்று மொட்டையைக் கேட்டாள்.

"அப்பவே போயாச்சே. ஏன் மேடம், முகமெல்லாம் ஒரு மாதிரி..."

அவள் போனை எடுத்தாள். அக்கா கீழே நடக்கப்போகும் நேரம் அது. அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, எடு, எடுத்துத் தொலையேன்! எடுக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, லிஃப்ட்டை நிறுத்துங்க! ஒண்ணும் கேக்காதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

"இப்பத்தாம்மா உங்க அக்கா ஏறினாங்க. வந்துக்கிட்டு..."

"ஆஃப் பண்ணுங்கண்ணே!"

அவள் போட்ட கத்தலில் ஆபீஸே எழுந்து நின்றது. போனில் காலடிச் சத்தம், பிறகு டக்கென்று ஒரு ஓசை, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உடனே அக்காவே கூப்பிட்டாள்.

"எந்த மகராசிடி லிஃப்ட்டை நிறுத்தினது? ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறோம். இங்க ஒருத்தர் இருட்டு இருட்டுன்னு அழறாரு. நான்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன், கேட்டுக்கோ கூத்தை!"

"அக்கா, தடி? தடி எங்க இருக்கு?"

"என் கையில. வேற எங்க இருக்கும்?"

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மொட்டை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கக்கூட நேரமில்லாமல் கதவுப் பகுதியைக் கிடங்கில் போட்டாள். எல்லார் முன்னாலும் போட்டாள். மானம் போனால் போகட்டும். லிஃப்ட்டில் மென்பொருளை வாங்கும் பெட்டிக்குத் தனி பேட்டரி, மெயின் போனாலும் அது விழித்திருக்கும். மெஷின் மறுபடி வெற்றிடத்தில் தொடங்கி, கட்டி, சோதித்து, பச்சை காட்டி, லிஃப்ட்டுக்கும் அனுப்பி முடித்தது.

"மேடம், மெயினைப் போடச் சொல்லிடலாமா?" என்றார் மொட்டை.

சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கதவு சரியாகிவிட்டது, அது நிச்சயம். ஆனால் வேறு எதை மறந்தாள்? பிரேக்குக்கான பகுதியில் எப்போதாவது கை வைத்தாளா? ஞாபகம் இல்லை. மறந்ததே தெரியாதபோது எதை என்று தேடுவது? திரையின் பச்சையைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடிற்று.

"வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனில் பேசினாள். "அக்கா, மெக்கானிக் வந்து கையாலே கதவைத் திறப்பாரு. அது வரைக்கும் அசையாம நில்லு."

"எதுக்குடி அவ்ளோ நேரம்? கரண்ட்டைப் போடச் சொல்லு, ஜம்முனு போய்க்கிட்டே இருப்பேன். நீ செஞ்ச லிஃப்ட்டு, எனக்கென்னடி பயம்?"

"நான் செஞ்சதுதான், அக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பக்கத்தில் அந்த ஆள் விசும்புவது கேட்டது.

"அப்போ அந்த மெக்கானிக்கைச் சீக்கிரம் வரச் சொல்லுடி" என்றாள் அக்கா.