எச்சில் கேரட்

வெங்கட்ராமன் சாரைப் பழி வாங்கினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவர் சொன்ன வேலையை அப்படியே செய்துதான் வாங்கினேன்.

எமிரேட்ஸில் தைத் என்ற ஊருக்கு வெளியே ஒரு அரபி முதலாளிக்கு விதைப் பண்ணை இருந்தது. அர்பாப் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அந்த வெயிலிலும் இனிக்கிற புதுக் கலப்பினக் கேரட்டை உண்டாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக வந்த விஞ்ஞானி வெங்கட்ராமன் சார். குடும்பத்தோடு அஜ்மானில் இருந்தார், தினமும் காரில் வருவார். மதியச் சாப்பாடு வீட்டு டப்பாவில் வரும். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் வீரபாண்டி, கமுதிப் பக்கம். பண்ணையில் லேபர்.

கலப்பினம் என்றால் பெரிய மந்திரமில்லை. ஒரு தாய் வரிசை, ஒரு தகப்பன் வரிசை. நல்ல கிழங்குகளைத் தோண்டிக் குளிர் அறையில் இரண்டு மாதம் வைத்து மறுபடி நட்டால் பூக்கும். வலைக் கூண்டுக்குள் இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுத் தேனீப் பெட்டியைத் திறந்துவிட வேண்டும். தாயில் விளையும் விதைதான் விவசாயிக்குப் போகும்.

எது நல்ல கிழங்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாரிடம் இனிப்பை அளக்கிற மீட்டர் இருந்தது. ஆனால் வெயிலில் விளைந்த கேரட்டில் இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு ஒளிந்திருக்கும். அது மீட்டருக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். நான் வால் நுனியைக் கடித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் மீதியை நடுவதற்கு ஒதுக்குவேன். நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் கடித்தேனோ தெரியாது. நாற்பத்தொன்றாம் நம்பர் தகப்பன் அப்படித்தான் கிடைத்தான். அவனை வைத்து விளைந்த முதல் கேரட்டைக் கடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாருக்கு நான் கடிப்பதே அருவருப்பு. கடித்த கிழங்கைத் தாளால் பிடித்துத்தான் தூக்குவார். அறிக்கையில் மட்டும் ருசி பார்த்தது தான்தான் என்று எழுதிக்கொள்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

2006 ஏப்ரலில், கூண்டில் பூ விரிந்திருந்த வாரம், அக்கா உமாராணி போன் செய்தாள். அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நான். பாஸ்போர்ட் சாருடைய மேசை டிராயரில் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு லீவு கேட்டேன். தகப்பன் வரிசை பூத்திருக்கிறது, கூண்டைப் பார்க்க வேறு ஆளில்லை என்றார். பிறகு மீட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இப்பப் போய் என்ன பண்ணப் போற?"

பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் கூண்டுக்குள் நின்றபடி போனில் சங்குச் சத்தத்தைக் கேட்டேன். தேனீக்கள் தலையைச் சுற்றிப் பறந்தன. இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த பிப்ரவரியில் வழி தானாக வந்தது. விவசாயிகளுக்கு வெளியிடப்போகும் விதைக்காகக் கிழங்கு நட வேண்டிய நேரம். குளிர் அறை ஈரத்தில் இரண்டு பெட்டிகளின் லேபிள் உரிந்து விழுந்திருந்தது. ஒன்று நாற்பத்தொன்று, இன்னொன்று கழித்துப் போட வேண்டிய பதினேழு. பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. சார் வருவதற்குள் இரண்டையும் கடித்துப் பார்த்துவிட்டேன். இடது பெட்டி நாற்பத்தொன்று. வலது பெட்டி வேப்பங்காய்.

சார் வந்ததும் வழக்கம்போல ஒன்றைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேனோ என்னவோ, இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் கையை நீட்டித் தடுத்தார். இனிமேல் எதையும் எச்சில் பண்ணாதே, மீட்டர் போதும் என்றார். சாறு பிழிந்து அளந்தார். வலது பெட்டி அரைப் புள்ளி கூடக் காட்டியது. அதில் சாக்பீஸால் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு, மற்றதைக் கொட்டிவிடச் சொன்னார்.

சரி சார் என்றேன்.

நாற்பத்தொன்றின் விதை கைவசம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் விதைத்தாகிவிட்டது. உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பெட்டிதான். அதைப் பக்கத்துத் தொழுவத்து ஒட்டகத்துக்குப் போட்டேன். கடைசிக் கிழங்கை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஆனாலும் போட்டேன்.

2008 ஜனவரியில் வெளியீட்டு விழா. புது ரகத்துக்குச் சார் தன் மகள் இளவேனிலின் பெயரை வைத்திருந்தார். விளைந்ததையும் மீட்டரில் மட்டும்தான் பார்த்தார், யாரும் கடித்துப் பார்க்கவில்லை. கூடாரம் போட்டுக் கம்பளம் விரித்திருந்தது. தூரத்து ராஸ் அல் கைமாவிலிருந்துகூட விவசாயிகள் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு விதைப் பாக்கெட் கொடுத்தாயிற்று. நான் வயலிலிருந்து பிடுங்கிக் கழுவி, தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

அர்பாப் ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டு முறை மென்றவர் நிறுத்திவிட்டார். துப்பவில்லை. கடித்த அதே கேரட்டைச் சாரிடம் நீட்டிச் சாப்பிடச் சொன்னார். சார் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து வேறொன்றை எடுக்கப் போனார். அர்பாப் தலையை ஆட்டினார். இதைத்தான் என்றார்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்பாப்பின் பல் பட்ட இடத்திலேயே சார் வாயை வைத்தார். மென்றார். விழுங்கினார். முகத்தில் கசப்பு ஏறுவதை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். எனக்கு அது இனித்தது.

கலாஸ், எல்லாம் முடிந்தது என்று அர்பாப் எழுந்து போனார். விவசாயிகள் பாக்கெட்டுகளைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சார் என்னைத் தேடிக் குளிர் அறைக்கு ஓடி வந்தார். உதடு வெளுத்திருந்தது. அன்றைக்குக் கொட்டச் சொன்ன பெட்டியில் ஒரு கிழங்காவது எடுத்து வைத்தாயா வீரபாண்டி என்று கேட்டார். ஆறு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஒட்டகம் தின்னுருச்சு சார். போன வருசமே எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்பப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

அவருக்கு நினைவு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேரட் வேலை அதோடு நின்றது, மறுநாள் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. ஊருக்கு வந்து அப்பா எரிந்த இடத்தைப் பார்த்தேன், புல் முளைத்திருந்தது. வருத்தமில்லையா என்று கேட்டால், இருக்கிறது. அந்தக் கேரட்டுக்காக.