நடுவில் ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்தில் இலவசமாகக் கிடைத்தது. கையில் தட்டோடு நின்ற ஒருவர், "எங்க பிரார்த்தனைக் கூடத்துல ஜோடியா வாழற அந்த மாதிரிப் பொண்ணுங்களையும் ஏத்துக்கிட்டோம், சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். எப்படி என்று கேட்டேன். "சேர்ந்து உக்காரக் கூடாது. நடுவுல ஒரு நாற்காலி விட்டு உக்காரலாம். அந்த நாற்காலிய அவங்க தொடக் கூடாது." அவர்தான் கூடத்தின் செயலாளர். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுத ஓடிவந்தேன்.*

* எந்த மதம் என்று கேட்காதீர்கள். உங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடையது.

2

முதல் தொடக்கம்: "தையல்காரி அழுதுகொண்டே…" வேண்டாம். அவள் அழுகிற ரகமில்லை. கூடத்தின் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பவள். அளவெடுக்கும்போது தொப்பையை எக்கிக்கொள்ளும் செயலாளரிடம், "மூச்ச விடுங்கண்ணே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பவள்.

இரண்டாம் தொடக்கம்: தையல்காரியும் நர்ஸும் பல வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நர்ஸின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள். யாராவது கேட்டால் தையல்காரியைக் காட்டி, "இவளும் எம் பொண்ணுதான்" என்பாள். மேலும் நோண்டினால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள். போன வாரம் அவள் இறந்துவிட்டாள்.

இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

3

அந்தக் கூடத்தில் பிரார்த்தனை முடியும்போது எல்லோரும் எழுந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கிலி அறுந்தால் வேண்டுதல் மேலே போய்ச் சேராதாம். நாற்காலித் தீர்மானம் போட்ட கமிட்டிக்கு இது மறந்துபோயிற்று. முதல் வாரமே சங்கிலி நடுவில் அறுந்தது. தலைவர் கண்ணைக் காட்ட, செயலாளர் ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றார். வலக்கையில் நர்ஸ், இடக்கையில் தையல்காரி. அதன்பின் வாராவாரம் அந்தத் திருப்பணி அவருடையதாயிற்று.

(மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? நீங்கள் கமிட்டிகளில் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.)

அம்மா இறந்த வாரத்தில் செயலாளரின் மனைவிக்குப் பொறுமை போயிற்று. "அவங்க ரெண்டு பேரும் கையப் புடிச்சா பாவம். நீங்க ரெண்டு பேர் கையையும் புடிச்சா புண்ணியமா? இனிமே எம் பக்கத்துலதான் நிக்கணும்."

4

இன்று அம்மாவுக்கு நினைவுப் பிரார்த்தனை. நடுவில் மடக்கு நாற்காலி காலியாக இருக்கிறது. செயலாளர், தன் மனைவிக்குப் பக்கத்தில் நின்று கூரையை ஆராய்கிறார்.

நர்ஸ் நாற்காலியைத் தாண்டித் தையல்காரியைப் பார்க்கிறாள்.

"இங்க வந்து நில்லேன்" என்கிறாள் நர்ஸ்.

"வந்தா அம்மா பேர வாசிக்க மாட்டாங்க. தலைவர் காலைலயே சொல்லிட்டாரு."

"கை கோக்கலன்னா வாசிச்சும் போய்ச் சேராதாமே?"

இதற்குப் பதில் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

5

முடிவு அ: தலைவர் மனம் மாறிக் கண்ணீர் விடுகிறார். (அடித்துவிட்டேன். அவரை எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: இருவரும் வெளியேறி, மழையில் கை கோத்து நடக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மா காலமெல்லாம் வந்து வணங்கிய இடம் இது. அவளுடைய மகள்கள் எதற்காக வெளியே போக வேண்டும்?

முடிவு இ: செயலாளர் திடீரென்று மனைவியின் கையை உதறி… (விட மாட்டாள்.)

6

"எல்லாரும் கை கோத்துக்கலாம்" என்கிறார் தலைவர்.

நான் எழுதுகிறவன், மேசையை விட்டு எழ மாட்டேன். நீங்கள் அந்த நாற்காலிக்கு நேர் பின்னால் நிற்கிறீர்கள். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டும், "எனக்கு அவங்க மேல ஒரு வெறுப்பும் இல்லைங்க" என்று தலையாட்டிக்கொண்டும் நின்றதைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் நாற்காலியைத் தொடக் கூடாது என்றுதான் தீர்மானம். உங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மடக்கு நாற்காலிதான். மடக்கி எடுக்க ஒரு கை போதும்.

தையல்காரி தன் கையை நீட்டிவிட்டாள்.