சம்பந்தி சீட்டுக்குக் கீழே டைமிங் பெல்ட்

சியோல் போகும் நெடுஞ்சாலையில் என் பழைய லாரி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சம்பந்தி. சம்பந்தி உட்கார்ந்திருந்த சீட்டுக்கு நேர் கீழே எஞ்சின். அந்த எஞ்சினில், எந்த விநாடியும் அறுந்துபோகக்கூடிய டைமிங் பெல்ட்.

கடைசி விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் ஹேனாமில் மெக்கானிக்காக இருக்கும் சோன் வசந்தத்திலேயே எச்சரித்திருந்தான்.

"பெல்ட்ட மாத்திடுங்கண்ணே. வண்டிக்கு வயசாச்சு."

"மிளகாய் அறுவடை முடியட்டும்டா."

மிளகாய் முடிந்தது. முட்டைகோஸ் முடியட்டும் என்றேன்.

"அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்டு எஞ்சினே காலிண்ணே."

"அதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வரும்ல? அப்ப கொண்டாறேன்."

"வராது. நல்லாத்தான் ஓடும். ஓடிட்டிருக்கும்போதே நின்னுடும்."

அன்று முதல் வண்டி நன்றாக ஓடினாலே எனக்குப் பயம். இன்றைக்கு அது மிக நன்றாக ஓடியது.

பின்னால் உப்பில் ஊறிய முட்டைகோஸ் மூட்டைகள். என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து போடப்போகும் முதல் கிம்ச்சி ஊறுகாய். பெண்கள் முன்னாலேயே சியோலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தார்கள். சம்பந்தி ஓக் சாங்ரிம் தபால் நிலையத் தலைவராக இருந்தவர், அந்த ஒல்லி உடம்பில் இப்போதும் கோட்டு போடாமல் வெளியே வரமாட்டார். கல்யாணப் பேச்சில் அவரிடம், "என் வண்டி மாதிரிதான் என் வீடும், ஒரு குறை சொல்ல முடியாது" என்று பீற்றியிருந்தேன். அந்த வண்டியை அவர் கோட்டோடு தள்ளும்படி ஆனால், என் மகள் யுன்க்யோ மாமியார் வீட்டில் ஆயுசுக்கும் அந்தக் கதையைக் கேட்க வேண்டியிருக்கும்.

மேடு வந்தது. எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்தால் பெல்ட் பிழைக்கும் என்று என் அறிவு சொன்னது.

"சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் அவசரம்."

"தாராளமா நிறுத்துங்க. இதுல என்ன இருக்கு."

ஓய்விடத்தில் நிறுத்தினேன். துணைக்கு வருகிறேன் என்று அவரும் இறங்கி, எனக்கு முன்னால் கழிப்பறைக்குப் போனார். நான் திரும்பி ஓடிவந்து அவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. அது எஞ்சின் சூடா, சம்பந்தி சூடா என்று தெரியவில்லை.

அடுத்த மேட்டிலும் நிறுத்தினேன். அதற்கடுத்த மேட்டிலும்.

மூன்றாவது முறை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"மறைக்காதீங்க சம்பந்தி. நம்ம வயசுல வர்றதுதான். பார்லி டீயைக் கொஞ்சம் குறைங்க."

நான் தலையாட்டித் தொலைத்தேன். அவர் ஓரமாகப் போய் யாருடனோ போனில் குசுகுசுத்தார். வண்டியில் ஏறுவதற்குள் என் போன் அலறியது. மனைவி.

"ஏங்க, உங்களுக்குப் புராஸ்டேட்டாமே? சம்பந்தி வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா ஊரு ஊரா இறங்குறீங்க? யுன்க்யோ அழுதுகிட்டே டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டா."

போனை வைத்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

"நோயாளி வண்டி ஓட்டக்கூடாது. நீங்க இந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க."

தபால் நிலையத்தில் முப்பது வருஷம் நிதானமாக முத்திரை குத்திய மனிதர், ஆக்சிலரேட்டரையும் முத்திரை மாதிரியே குத்தினார். சுற்றுலா பஸ்ஸை முந்தினார். சிமென்ட் லாரியை முந்தினார். இப்போது பெல்ட் என் பின்புறத்துக்குக் கீழே சுழன்றது. ஒரு முனகல் இல்லை. பயங்கரமான அமைதி.

எதிரே நீண்ட சுரங்கப்பாதை வாயைப் பிளந்தது. அதற்குள் நின்றால் பின்னால் வரும் சிமென்ட் லாரி எங்களையும் சேர்த்துக் கிம்ச்சி போட்டுவிடும்.

"நிறுத்துங்க சம்பந்தி."

"மறுபடியுமா? இப்பதானே போனீங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்குத்தான் வியாதி."

ஓரங்கட்டினார். எல்லாவற்றையும் கொட்டினேன். மிளகாய், முட்டைகோஸ், சோன், வால்வு, பிஸ்டன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மகளின் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப, உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லவே இல்லையா?"

"இல்ல."

அவர் முகம் வாடியது.

"சந்தோஷப்பட்டேன் சம்பந்தி. ஒரு கூட்டாளி கிடைச்சார்னு. காலையிலேர்ந்து நீங்க நிறுத்தாம இருந்திருந்தா, இந்த சீட்டு என்ன ஆகியிருக்கும்னே தெரியாது. சம்பந்திகிட்ட எப்படி வாயைத் திறந்து கேக்கிறது?"

சுரங்கத்துக்கு முன்னாலேயே கிளைச்சாலையில் இறங்கினோம். மெல்ல உருட்டிப் போய் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அங்கிருந்த பெண் மெக்கானிக் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பழைய பெல்ட்டை எடுத்து மடக்கிக் காட்டினாள். முதுகெல்லாம் வெடிப்பு. இரண்டு பல்லைக் காணவில்லை.

"எப்பலேர்ந்து மாத்தணும்னு யோசிச்சிட்டிருக்கீங்க?"

"வசந்தத்திலேர்ந்து."

"எந்த வருஷ வசந்தம்?"

சம்பந்தி என்னைப் பார்க்காமல் இருமினார்.

வேலை முடியும்வரை நூடுல்ஸ் சாப்பிட்டோம். வீட்டுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். அவர் முழு நூடுல்ஸையும் உறிஞ்சி முடித்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"பெல்ட் விஷயம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும். வண்டி தங்கம். தாமதத்துக்குக் காரணம் உங்க வியாதி."

"அந்த டாக்டர்?"

"அதை ரத்து பண்ணிடாதீங்க. நீங்கதான் நோயாளி. நான் சும்மா துணைக்கு உள்ள வர்றேன்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

சியோலில் லாரி நின்றதும் இரண்டு குடும்பமும் வாசலுக்கு ஓடிவந்தது. மருமகன் என்னைக் குழந்தையைப் போல இறக்கினான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பொட்டலத்தை என் கையில் ரகசியமாகத் திணித்தாள். பெரியவர்களுக்கான டயாபர்.

"அப்பாவுக்கு இந்த அளவு சரியா இருக்கும்ல?"

சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

"ஒரு அளவு சின்னதா வாங்கும்மா" என்றார், கோட்டை இடுப்போடு இழுத்துவிட்டுக்கொண்டே.