நெட்டைக்காலியின் நகம்

மூன்றாவது முறையும் அதே பதில் வந்தபோது கால்நடை மருத்துவரான அவள் பல்லைக் கடித்தாள். ‘நீங்கள் பார்த்தது சாதாரண நெட்டைக்காலியாக இருக்கலாம். பின்விரல் நகம் தெரியும்படி படம் தேவை.’ இணையதளத்தில் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் கல்லூரி ஆசிரியர்தான் எழுதியிருந்தார்.

ஆனால் அவள் பார்த்தது பெரிய நெட்டைக்காலி. எப்போதாவது வழிதவறி வருவது. அதே பழுப்புதான்; ஆனால் நிமிர்ந்து நின்றது, குரல் கரகரத்தது, பின்விரல் நகம் விரலைவிட நீண்டிருந்தது. கன்றுக்குக் காய்ச்சல் என்று போன பண்ணையில், தீவனப்புல் வயலோரம், பத்தடி தூரத்தில் பார்த்தாள். கேமரா ஜீப்பில் கிடந்தது.

அடுத்த நான்கு நாளும் வேலைக்கு முன்பே போய் அந்த வயலில் குப்புறப் படுத்தாள். பதினெட்டுப் படங்கள் தேறின. பதினெட்டிலும் புல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

“ஒரு குருவியோட கால் நகத்துக்கா இந்தப் பாடு, டாக்டரம்மா?” என்றார் ஜீப் ஓட்டுநர்.

“நீங்க ஹாரன் அடிக்காம இருந்தாலே பாதிப் பாடு குறையும்ணே.”

ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட ஆசிரியரே பஸ் ஏறி வந்துவிட்டார். முந்தின நாள்தான் பாதி வயலை உழுதிருந்தார்கள். மிச்சப் புல்லைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் இருவரும் வெயிலில் வெந்தார்கள். ஒருவழியாக ஒரு நெட்டைக்காலி மண்கட்டிமேல் ஏறி நின்றது.

“இதத்தான் பாத்தீங்களா?” ஆசிரியர் கிசுகிசுத்தார்.

ஆமாம் என்று சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் போலிருந்தது அவளுக்கு. தொலைநோக்கியை இறக்கினாள்.

“இல்ல சார். இது சின்னது, நகமும் குட்டை. சாதாரணமானதுதான்.”

ஆசிரியர் அவளையே பார்த்தார். “நீங்க ஆமான்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இப்ப நம்புறேன், நீங்க பாத்தது பெரிய நெட்டைக்காலிதான்.”

“அப்ப என் பதிவ உறுதி பண்ணிடுவீங்களா?”

“படம் இல்லாம எப்படிம்மா? நான் ஒருத்தன் நம்பினாப் போதாதே.”

“அப்ப உங்க நம்பிக்கைய வச்சு நான் என்ன சார் பண்ண?”

அவரை ஜீப்பில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டாள்.

அந்தப் பதிவை அவள் நீக்கவில்லை. ‘உறுதியாகாதவை’ வரிசையில் அது இன்னும் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுகிறாள்.