சருகுக்கு அடியில்

இரும்புக் கேட் படாரென்று சுவரில் மோதியது. கேன்டீனில் அரிசி களைந்துகொண்டிருந்த எல்லம்மா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் ஜேசிபி ஒன்று உறுமிக்கொண்டே அவளுடைய பாத்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஈரக் கையோடு ஓடினாள்.

பெங்களூரு பீன்யாவில் அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால் பத்து சென்ட் இடம். நான்கு வருடம் முன்பு வெறும் சிமென்ட் கட்டியும் உடைந்த ஓடும், எருக்குகூட முளைக்கவில்லை. எல்லம்மா மதிய ஓய்வில் கல் பொறுக்கினாள், காய்த்தோலை மக்க வைத்தாள், பக்கத்துத் தெரு மாட்டுச் சாணத்தில் வெல்லமும் கொள்ளுமாவும் கரைத்து ஊற்றினாள். இப்போது கேன்டீன் கீரையெல்லாம் அங்கிருந்துதான். போன வாரம் கீரையை அறுத்து முடித்து, அடுத்த நடவுவரை மண் காயாமலிருக்க அரை அடிக்குச் சருகு மூடியிருந்தாள். அதுதான் வினையானது. பதினொரு மணிக்கு வெளியூர் பார்ட்டி பார்வையிட வருகிறது. சூப்பர்வைசர் கிரண் கண்ணுக்கு அது குப்பைமேடு. மண்ணோடு வழித்தெடுக்கச் சொல்லிவிட்டார்.

எல்லம்மா ஜேசிபியின் முன்னால் போய் நின்றாள்.

"ஓரமாப் போங்கக்கா, எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல வேலை இருக்கு" என்றான் ஓட்டுநர் பச்சைமுத்து.

அவள் குனிந்து சருகை விலக்கினாள். கறுத்த ஈரமண். ஒரு மண்புழு வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்தது. பச்சைமுத்து இறங்கி வந்து ஒரு பிடி அள்ளி மோந்தான். மூலையில் குவித்திருந்த ஓட்டுச்சில்லுகளைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான்.

கிரண் வாட்சைத் தட்டிக்கொண்டு வந்தார். ஆயில் ஹோஸ் லீக், பக்கெட் தூக்காது, மெக்கானிக் வர மதியமாகும் என்று பச்சைமுத்து முகம் மாறாமல் சொன்னான். கிரண் கன்னடத்தில் தன் தலையெழுத்தை நொந்துகொண்டு, ஸ்டோரிலிருந்து பச்சை வலையை எடுத்துக் கட்டியாவது மறைத்துத் தொலையுங்கள் என்று திரும்பிப் போனார். தக்காளி நாற்றுக்கு அதே வலையைக் கேட்டு எல்லம்மா இரண்டு மாதமாய் அவர் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

வலையின் ஒரு முனையைப் பச்சைமுத்து பிடித்துக்கொண்டான். ஜேசிபிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

"ஏம்ப்பா பொய் சொன்னே?"

அவன் கம்பத்தில் முடிச்சை இறுக்கினான்.

"முன்னாடி நான் டிப்பர் ஓட்டிட்டிருந்தேங்க்கா. இடிச்ச கட்டடத்தையெல்லாம் பதினெட்டு லோடு இங்க கொட்டிட்டுப் போனது நான்தான்."